பதினேழாம் எண்

அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தந்தையின் கைகளை நினைத்துப் பாருங்கள். முகத்தை அல்ல, குரலை அல்ல, கைகளை. அவை என்ன செய்துகொண்டிருக்கின்றன?

உடனே சொல்ல வேண்டாம். ஈரோடு சேர முக்கால் மணி நேரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள். ஜன்னலோரம் நகர்ந்துகொள்ளுங்கள், காற்று வரும். பையைக் கொடுங்கள், என் மடியில் இருக்கட்டும். விருந்தினர் பையைச் சுமக்க விட்டால் அது எங்கள் ஊருக்கு இழுக்கு.

இந்தக் கேள்வியைத்தான், பிள்ளை வளர்ப்பைக் கற்க எங்கள் தாயுமானான் வட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தந்தையிடமும் முதல் நாள் கேட்பேன். பெரும்பாலோர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவர், "பீடி பிடிச்சுட்டு இருக்குதுங்க வாத்தியாரே" என்றார். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "நாளை உன் பிள்ளையிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லும்?" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் அம்மா, சொல்லின் வலிமை. நேரான ஒரு சொல், சரியான நேரத்தில். அதன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. பதினான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்துவிட்டு, அந்த நம்பிக்கையால்தான் வேலையை விட்டு இந்த வட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளனாக வந்தேன்.

முதலில் இதை வாங்கிக்கொள்ளுங்கள். நினைவுப் பரிசு. நகவெட்டிதான், சிறியது. மேலே வட்டத்தின் பெயரைப் பொறித்திருக்கிறோம், பாருங்கள். வாராவாரம் தவறாமல் வந்த தந்தையருக்கு விழா எடுத்து வழங்குவதற்காக நாற்பது செய்வித்தோம். தலைமை தாங்க வேண்டியவர் இன்னும் தேதி கொடுக்கவில்லை. ஐந்து மாதமாகப் பெட்டியில் இருக்கின்றன. விழா இல்லாமல் கொடுத்தால் பரிசுக்கு மதிப்பு இருக்காது, அல்லவா? ஏன் நகவெட்டி என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உங்களோடு பேருந்தில் ஏறினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை, மறைப்பானேன். நீங்கள் இன்றிரவு ரயிலில் உட்கார்ந்து மதிப்பீட்டு அறிக்கையை முடித்துச் சென்னைக்கு அனுப்பப் போகிறீர்கள். வட்டம் இன்னோர் ஆண்டு நடக்குமா, இந்த மாதத்தோடு மூடப்படுமா என்பது அந்த அறிக்கையில் இருக்கிறது. அதில் நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும். நேற்று அந்தத் தாள்களை நகலெடுத்து வரச் சொல்லி என்னிடம்தானே கொடுத்தீர்கள்? பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கண் பார்த்துவிட்டது.

எண்ணிக்கை சரிதான், அம்மா. மறுக்கவில்லை. முப்பத்தொரு குழந்தைகள். எங்கள் அங்கன்வாடியில் நீங்கள் ஒவ்வொரு குழந்தையாக அழைத்து மடியில் உட்காரவைத்துப் படம் காட்டினீர்கள். கீழே விழுந்த பிள்ளை, இடிக்குப் பயந்த பிள்ளை, பசித்த பிள்ளை. "நீயா இருந்தா யாரைக் கூப்பிடுவே, கண்ணு?" என்று கேட்டீர்கள். வட்டத்துக்கு வரும் தந்தையரின் பிள்ளைகள் இருபத்தேழு பேர். அவர்களில் 'அப்பா' என்று சொன்னவை மூன்றே மூன்று. மற்றவை அம்மா, ஆயா, அக்கா. ஒன்று நாயின் பெயரைச் சொல்லியிருக்கிறது. மீதி நான்கு குழந்தைகளின் தந்தையரை நான்காம் வாரமே வட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். அந்த நான்கும் 'அப்பா' என்று சொல்லியிருக்கின்றன. நான்கும்.

இதை அப்படியே எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? வட்டத்தில் இருந்தால் கெட்டுப்போவார்கள், நீங்கினால் உருப்படுவார்கள் என்றுதானே நினைப்பார்?

ஒரு கதை சொல்கிறேன். ஓர் உழவன் விதைத்தான். விதைத்த மறுநாள், முளைத்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்த்தான். அடுத்த நாளும் கிளறினான். பத்தாம் நாள் ஊரார் வயலெல்லாம் பச்சை. இவன் வயல் மட்டும் புழுதி. "மண் கெட்ட மண்" என்றான் அவன். அம்மா, மதிப்பீடு செய்பவர்களுக்கு இந்தக் கதை தெரிய வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

அந்த நால்வரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலையானவர் செங்கோடன். விசைத்தறிக்காரர், பன்னிரண்டு மணி நேர வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. ஞாயிறு ஒருநாள்தான் தறி நிற்கும். ஞாயிறு எங்கள் ஊருக்குள் நடந்தால் காதுக்குள் ஏதோ குறைவது போல இருக்கும், அத்தனை அமைதி. அதனால்தான் வட்டத்தை ஞாயிறு பிற்பகலில் வைத்தோம். தந்தையர் வீட்டில் இருக்கும் ஒரே நாள் அது. அன்றைக்குத்தானே அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்க முடியும்?

செங்கோடன் முதல் நாளே தோளில் பிள்ளையோடு வந்தார். மூன்று வயதுப் பையன், கவின். நான் தாயுமானான் கதையைத் தொடங்கியிருக்கிறேன். கதை உங்களுக்குத் தெரியும். திருச்சியில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிறாள். தாய் வருகிறாள், வழியில் காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் வலி. பார்த்தான் இறைவன். அருளுரை சொன்னானா? வேதம் ஓதினானா? இல்லை. தாயின் உருவில் வந்தான். வெந்நீர் வைத்தான், மருந்து இடித்தான், குழந்தையைக் கையில் ஏந்தினான், துணி அலசினான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து நிற்கும்வரை பேசாமல் வேலை செய்தான். இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை சொல்வேன். விளக்கமாகச் சொன்னால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த இடம் வரும்போது கவின், "அப்பா, ஒண்ணுக்கு" என்று கத்தினான்.

அடுத்த வாரமும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் அவரைப் பார்த்து இன்னும் மூவர் பிள்ளைகளைத் தூக்கிவந்துவிட்டார்கள். ஒன்று அழுகிறது, ஒன்று என் மேசைக்கு அடியில் புகுந்து ஒலிபெருக்கிக் கம்பியை இழுக்கிறது. நான்காம் வாரம் வாசலிலேயே நிறுத்தி, பொறுமையாகத்தான் சொன்னேன். "செங்கோடன், பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். இங்கே குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். தறிக்காரர்கள் உரக்கப் பேசுவார்கள், இரைச்சலில் வேலை செய்து பழக்கம். அவரும் தெருவுக்கே கேட்கும்படி, "யாருகிட்டங்க உட்டுப்போட்டு வர்றது? அவ நாளைத் தறிக்கு நூல் தாரு சுத்தப் போயிருக்கறா. இவனுக்கு இன்னைக்கு நான்தானுங்க" என்றார்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றேன்.

"சேரிங்க. பேரை அடிச்சுக்குங்க" என்று திரும்பிவிட்டார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். சிவப்பு மையால் நான்கு பெயர்களையும் அடித்தேன். மனம் வலிக்காமல் இல்லை. ஆனால் ஒழுங்கு இல்லாத இடத்தில் அறம் நிற்காது.

விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொன்னேனே, வாய்ச்சொல் அல்ல. என் மகளும் கூடத்துப் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆம், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் பிறந்தவள், இப்போது நான்கு நிறைந்துவிட்டது. அமிழ்தினி என்று பெயர் வைத்தேன். ஊரார் அம்மு ஆக்கிவிட்டார்கள். என் மனைவி கோகிலவாணி தனியார் மருத்துவமனையில் செவிலி, ஞாயிறும் பணி. அதனால் மகளைக் கூட்டத்துக்கு என்னோடு கூட்டிவருவேன். சமுதாயக் கூடத்துப் படியில் உட்காரவைத்து, பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "கண்ணே, படியை விட்டு இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே படியில் அதே இடத்தில் இருப்பாள். ஒரு வாரமல்ல, ஓராண்டுக்கு மேலாக. தந்தையரிடம் இதைச் சொல்லிக் காட்டுவேன். "அன்பு ஒரு கண், கட்டுப்பாடு ஒரு கண்."

பாலம் வந்துவிட்டது, பாருங்கள். காவிரியில் தண்ணீர் நிறையத்தான் போகிறது. இதைத் தாண்டினால் பவானி.

நகவெட்டிக் கதைக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நகம் என் கன்னத்தில் கீறிவிட்டது, நல்ல ஆழமாக. அடிக்கவில்லை, அதட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். ஒரு காட்டில் ஒரு கரடிக்குட்டி. எல்லோர்மேலும் அதற்குப் பாசம். ஆனால் யாரைத் தழுவினாலும் கீறிவிடும். ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். கரடிக்குட்டி தனியாகிவிட்டது. அவ்வளவுதான் கதை. "இதிலிருந்து என்ன தெரிகிறது, கண்ணே?" என்று கேட்டேன். கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு இரவு சாப்பிடும்போது பார்க்கிறேன். பத்து விரல்களிலும் நகம் ஒட்ட வெட்டி, ஓரம் வழித்து, பிறை பிறையாக இருக்கிறது! நானாகச் சொல்லவில்லை, கோகிலாவிடமும் கேட்கவில்லை. கேட்பானேன்? கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளை தானே தாயிடம் போய்க் கையை நீட்டியிருக்கிறாள். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துச் சொன்னேன். "ஒரு கதை, பத்து நகம்" என்று அந்த உரைக்குத் தலைப்பு. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்லாமல் முடித்ததில்லை. நகவெட்டியைப் பரிசாக்கியதும் அதனால்தான்.

சொல்லும்போதெல்லாம் தந்தையர் தங்களுக்குள் கையை ஆட்டிக்கொள்வார்கள். தறி இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் அவர்களுக்கென்று ஒரு கைப்பேச்சு உண்டு. நூல் அறுந்தது, முதலாளி வருகிறார், தேநீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு கையசைவு. எனக்கு அது தெரியாது. ராஜாமணி என்றொருவர் ஒவ்வொரு முறையும் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டி, தலைக்குமேல் கையை உருண்டையாகக் காட்டுவார். மற்றவர்கள் குனிந்து சிரிப்பார்கள். கதையை ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

தலைக்குமேல் உருண்டை என்றால் என்ன என்று இன்று பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டி. கூடத்துக்கு எதிரே மைதானத்தில் தூண்கள்மேல் நிற்கிறதே, குடிநீர்த் தொட்டி, அது. உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். நீக்கப்பட்ட நால்வரும் அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்தத் தொட்டி நிழலில்தான் பிள்ளைகளோடு கூடுகிறார்கள். பிறகு வேறு சிலரும் வந்து சேர்ந்துகொள்கிறார்களாம். அங்கே உரை கிடையாது, உறுதிமொழி கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. ஒருவர் தலைக்கு எண்ணெய் வைக்கிறார். ஒருவர் பேன் பார்க்கிறார். பிள்ளைகள் மண்ணில் புரளுகின்றன. இவர்கள் உட்கார்ந்து, "உன்ர பையனுக்கு சளி உட்டுச்சா, என்ன குடுத்தே?" என்று ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை ஒரு திட்டம் என்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னைத் தவறாக எண்ணக் கூடாது.

இன்றைய கூட்டத்தில் உங்கள் முன்னிலையில்தான் பேசினேன். உங்கள் தாளில் பார்த்த ஒரு பதிலைச் சொன்னேன் அல்லவா? பதினேழாம் எண் குழந்தை. பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டிருந்தீர்கள். விழுந்தால் யாரைக் கூப்பிடுவாய் என்றதற்கு அந்தக் குழந்தை, "தொட்டி மாமா" என்று சொல்லியிருக்கிறது. இடி இடித்தாலும் தொட்டி மாமா. பசித்தால் அம்மா. நேற்றிரவு எனக்குத் தூக்கமில்லை. எந்த வீட்டுப் பிள்ளையோ, எப்பேர்ப்பட்ட தகப்பனோ என்று துடித்தேன். இன்று மேடையில் அதை எடுத்துச் சொன்னேன். "நம் ஊரில் ஒரு குழந்தை இருக்கிறது. அது விழுந்தால் பெற்ற தந்தையைக் கூப்பிடாது. வேற்று மனிதனைக் கூப்பிடும். அந்தத் தகப்பன் இங்கே இருந்தால் வெட்கப்படட்டும்!" முப்பத்து நான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜாமணிகூடக் கையை ஆட்டவில்லை. சொல் தைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு நீங்கள் தந்தையரைத் தனித்தனியே அழைத்துப் பேசத் தொடங்கினீர்கள். அந்த இடைவெளியில் நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தொட்டிக்குப் போனேன். எதற்கு என்றால், அந்த நால்வரின் கையெழுத்து வாங்க. முதல் மூன்று வாரம் என் உரையைக் கேட்டவர்கள்தானே? வரப்பில் சிந்தினாலும் விதை என் கூடையிலிருந்து விழுந்ததுதானே? அவர்களையும் வட்டத்தில் சேர்த்துக் காட்டினால் மூன்று ஏழாகும். பொய்யில்லை, ஒரு திருத்தம்.

செங்கோடன் எனக்கு முதுகு காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக் குனிந்திருந்தார்.

"செங்கோடன், ஒரு கையெழுத்து வேண்டும். நால்வருக்கும் சேர்த்துத்தான். விட்டுப்போன வாரங்களுக்கு."

திரும்பவில்லை. "வாங்க வாத்தியாரே. பேரைத்தான் செவப்பு மைல அடிச்சுப்போட்டீங்களே?"

"அடித்ததை எழுதிக்கொள்ளலாம். ஊர் நன்மைக்காகக் கேட்கிறேன்."

"வராத நாளுக்கு வந்தேன்னு போடோணுமாக்கும்? ஏனுங்க, பொய் சொல்லக் கூடாதுன்னு கொழந்தைக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு மூணாவது வாரம் நீங்கதானுங்க பேசுனீங்க?" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். "இருங்க, ஒரு நிமிசம். சுண்டுவெரல் பாக்கி."

கோபம் வந்தது, அம்மா. "எழுந்து நின்று பேசுங்கள்" என்று குரலை உயர்த்தினேன். அப்போது அவர் தோளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிறு குரல்: "அப்பா, பேசாதீங்க. ஆடுனா வெரல்ல வெட்டிக்கும்."

என் மகள். அமிழ்தினி. படியில் இருக்க வேண்டியவள்.

அவளுடைய கை ஆடவே இல்லை. அவர் உள்ளங்கையில் மலர்ந்து கிடந்தது. நகவெட்டிகூட இல்லை, பாதி பிளேடு. தறியில் நூலறுக்கும் விரல், பிசகாமல் வெட்டுகிறது. வெட்டி முடித்து, ஊதி, "போ சாமி" என்று விட்டார்.

"யாரைக் கேட்டு என் பிள்ளையை இங்கே கொண்டுவந்தீர்கள்?"

அவர் எழுந்தார். முதல்முறையாகத் தணிந்த குரலில் பேசினார். "நீங்க உள்ள பேசிட்டு இருந்தீங்க. பாப்பா படியில உளுந்து முட்டி தேஞ்சு அளுதுட்டு இருந்துச்சுங்க. நீங்க மைக்குல பேசற சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை. போன வருசம் புரட்டாசிங்க அது. தூக்கியாந்து மஞ்சப் பொடி வெச்சேன். அப்பறம் வாராவாரம் அதுவே வந்துருமுங்க."

"பொய். நான் வெளியே வரும்போது படியில்தானே இருப்பாள்?"

"கடைசியில உறுதிமொழி சொல்லுவாங்கல்லங்க, 'என் குழந்தையின் கண்ணீரை நானே துடைப்பேன்'னு எல்லாரும் கத்துவாங்கல்ல, அது கேட்டவொடனே கொண்டாந்து உக்கார வெச்சுருவமுங்க. பாப்பாளை நீங்க வைவீங்கன்னு."

அங்கேயே கோகிலாவைக் கைப்பேசியில் அழைத்தேன். நோயாளி அருகில் இருந்திருப்பாள் போலும், மெதுவாகத்தான் பேசினாள். "இப்பத்தான் தெரியுமாங்க? பொங்கலுக்குப் பொறவு நான் அவ நகத்தைத் தொட்டதே இல்லை. கதை சொன்னதுல தானா உளுந்துருச்சுன்னு நெனச்சீங்களாக்கும்?"

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

என்ன கேட்டீர்கள், அம்மா? சரியாகக் காதில் விழவில்லை. ஓ, அதுவா. இப்போது பிள்ளை யாரிடம் இருக்கிறாள் என்றா? தொட்டியடியில்தான். கோகிலா வர ஏழு மணி ஆகும். உங்களை வழியனுப்ப வேண்டும், இந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும், வேறு யாரிடம் விட்டுவிட்டு வர முடியும்? செங்கோடன், "போய்ட்டு வாங்க, பொழுது உளுகற வரைக்கும் இங்கதான் இருப்பமுங்க" என்றார். கையெழுத்து மட்டும் போடவில்லை. பதிவேட்டை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, "தொட்டியடிக்கு வர்றதுக்குக் கையெழுத்தெல்லாம் வேண்டாமுங்க வாத்தியாரே. நகவெட்டி இருந்தா ஒண்ணு கொண்டாங்க. பிளேடு எனக்கே பயமா இருக்குது" என்றார். பெட்டியில் நாற்பது இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆர்.என்.புதூர் தாண்டிவிட்டோம். இனி நேரமில்லை.

ஏறும்போது நான் என்ன கேட்க நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு பிள்ளைகளை வட்டத்தின் கணக்கில் எழுதச் சொல்லி ஒன்று. பதினேழாம் எண்ணை அடித்துவிடச் சொல்லி இன்னொன்று. குழந்தை கூச்சப்பட்டுத் தவறாகச் சொல்லிவிட்டது, மறுபடி கேட்டால் சரியாகச் சொல்லும், நான் பக்கத்தில் நின்றால் கட்டாயம் சொல்லும் என்று வாதாட நினைத்தேன். வாதத்தை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்தும் வந்தேன். பாலத்தில் தண்ணீரைப் பார்த்தபோது ஒன்று மறந்தது. பிறகு ஒவ்வொன்றாக மறந்துவிட்டது.

அக்கரையில் ஒருத்தி, இக்கரையில் வலி. நூறு முறை சொன்ன கதை. வெள்ளம் எது என்று மட்டும் நான் யோசித்ததில்லை. ஒலிபெருக்கி வைத்துப் பேசினால் அதுவும் வெள்ளம்தான் போலிருக்கிறது. போகட்டும். மறுபடி உரையாற்றத் தொடங்கிவிட்டேன்.

இறங்குங்கள், பார்த்து. இந்தாருங்கள் பை. ரயில் நிலையத்துக்கு அதோ ஆட்டோ நிற்கிறது.

இது என்ன? நகவெட்டியை ஏன் என்னிடமே கொடுக்கிறீர்கள்? நினைவுப் பரிசு, அம்மா, உங்களுக்குத் தந்தது. வேண்டாமா? என் கையை மூடுகிறீர்களே. என்ன சொல்கிறீர்கள்? எதிரில் எங்கள் ஊர் குமாரபாளையம் வண்டி நிற்கிறது, ஓட்டுநர் ஏறிவிட்டார். பார்த்தேன், பார்த்துவிட்டேன். போகிறேன். பொழுது விழ இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கட்டைவிரல்கூட மிச்சமில்லாமல் பத்து விரலும் வெட்டியாகிவிட்டது. இனி நகம் வளர்ந்தால்தான் எனக்கு வேலை. ஆனாலும் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஒன்றே ஒன்று. அந்தத் தாளை எடுங்கள். பதினேழாம் எண்ணை அடிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் அப்பன் பெயரை எழுதுங்கள்: நல்லசிவம், ஒருங்கிணைப்பாளர். அடுத்த பக்கத்தில் 'நீக்கப்பட்டோர்' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, நான்கு பெயர். அதற்குக் கீழே ஐந்தாவதாக என் பெயரையும் எழுதிவிடுங்கள். ஏதாவதொரு பட்டியலில் பெயர் இல்லாமல் நான் எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவேன்? அது எனக்குத் தெரியாது, அம்மா. இதோ பேனா. ரயிலில் எழுதலாம், நாளை எழுதலாம் என்று தள்ளாதீர்கள். நாளைக்குத் தறி ஓடத் தொடங்கிவிடும்; தொட்டியடியில் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி நகர்கிறது, அம்மா. எழுதுங்கள். இன்றைக்கே, இப்போதே எழுதுங்கள்.